இடையில் இருக்கும் தண்ணீர்



என் மேஜையின்மேல் இரண்டு புகைப்படங்கள் இருக்கின்றன. கடந்த சில வாரங்களாக என்னைச் சந்திக்க வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு, "ஐயரே, இது என்ன படம்?" என்று கேட்கிறார்கள். ஒன்றில் நீலநிற மூட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. மற்றொன்றில் சுண்டுவிரல் நுனியளவே உள்ள ஓர் உயிர், செம்மஞ்சள் நிறத்தில் விரிந்து நிற்கிறது. இரண்டையும் கடலுக்குள் இருந்து எடுத்தவன் நானே. இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு நாள்தான் கடந்திருந்தது. அந்த ஒரு நாளைப் பற்றி இந்த வாரம் உங்களுக்கு எழுத விரும்புகிறேன். எழுதலாமா என்று முதலில் என் மகனிடம் கேட்டேன். "எழுதுங்கப்பா, ஆனா என் பேரைப் போடாதீங்க" என்றான். ஆகவே பெயரில்லாமலே எழுதுகிறேன்.

என் தகப்பனார் போதகர், நானும் போதகர். மூன்றாம் தலைமுறையும் ஊழியத்தில் நிற்கும் என்று என் மகன் பிறந்த நாளிலேயே மனதிற்குள் எழுதி வைத்துக்கொண்டேன். அவன் விலங்கியல் பட்டம் முடித்ததும், இறையியல் கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்து அவன் புத்தகங்களின்மேல் வைத்தேன். மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. நான்காம் நாள் அவன் என் முன்னே வந்து நின்று, "எனக்கு அந்த அழைப்பு இல்லப்பா" என்றான். நான் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு மணிநேரம் பேசினேன். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அந்த ஆண்டே அந்தமானுக்குச் சென்று ஸ்கூபா பயிற்சி பெற்று, பின்பு பிறருக்குப் பயிற்சி கொடுக்கிறவனாக ஹேவ்லாக் தீவிலேயே தங்கிவிட்டான்.

ஆறு ஆண்டுகள் ஓடின. அவன் தன் தாயோடு தொலைபேசியில் ஒரு மணிநேரம் பேசுவான். கடைசியில் என் மனைவி என்னிடம் போனை நீட்டுவாள். "சாப்பிட்டியா?" என்பேன். "ம்." "கோயிலுக்குப் போனியா?" சற்று மௌனம். "வைக்கிறேம்பா." இவ்வளவே எங்கள் உரையாடல். உங்களில் யாராவது அவனைப் பற்றி விசாரித்தால், "அந்தமானில் ஒரு வேலையாக இருக்கிறான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அது என்ன வேலை என்று எனக்கே சரியாகத் தெரியாது.

கடந்த பிப்ரவரி மாதத்தில் போர்ட் பிளேயரில் நடந்த தமிழ் நற்செய்திக் கூட்டங்களுக்கு என்னை அழைத்திருந்தார்கள். கூட்டங்கள் முடிந்தபின் எட்டு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளும்படி என் மனைவி வற்புறுத்தினாள். மகனும், "வர்றதா இருந்தா டாக்டர்கிட்ட உடல்தகுதிச் சான்று வாங்கிட்டு வாங்க, கடலுக்குள்ள கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தான். ஆறு ஆண்டுகளில் அவன் என்னோடு பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். புறப்படும்போது வாசலில் நின்று என் மனைவி சொன்னது ஒன்றே: "அங்க போயி பிரசங்கம் பண்ணாதீங்க. அவன் சொல்றதக் கேளுங்க."

பிரியமானவர்களே, நான் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன், நீந்தத் தெரியும். பயிற்சியின் தொடக்கத்தில் 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் அசையாமல் மிதக்க வேண்டும் என்றபோது நான் பயப்படவில்லை. ஆனால் கடலுக்கடியில் அந்த நீச்சல் அதிகம் உதவவில்லை. முதல் பாடம், மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பது. ஆழத்தில் சுவாசித்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே எழும்பினால், அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். இரண்டாம் பாடம், அசையாமல் நிற்பது. மூச்சை இழுத்தால் உடல் சற்றே உயர்கிறது, விட்டால் தாழ்கிறது. கையைக் காலை அடிக்காமல், மூச்சைக்கொண்டே ஒரே மட்டத்தில் நிற்கப் பழக வேண்டும். முப்பது ஆண்டுகளாகப் பிரசங்க பீடத்தில் கையசைத்துப் பேசியே பழகியவனுக்கு இது எளிதாயிருக்கவில்லை.

பேசவும் முடியாது. வாயில் காற்றுக்குழாய் இருக்கிறது. கைச்சைகைகள் மட்டுமே மொழி. இரண்டாம் நாள் ஒரு பெரிய ஆமை எங்களுக்கு முன்பாக அமைதியாய்க் கடந்து சென்றது. அந்த மகிழ்ச்சியில் மகனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவன் முகம் மாறியது. என் கையைப் பற்றிக்கொண்டு மெதுவாக மேலே அழைத்துச் சென்றுவிட்டான். தண்ணீருக்குமேல் தலை வந்ததும், "என்னாச்சுப்பா? மூச்சு முட்டுதா?" என்றான். கடலுக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் "மேலே போகலாம்" என்று பொருளாம். "நலமாயிருக்கிறேன்" என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டுமாம். கற்றுக்கொடுத்திருந்தான், நான்தான் மறந்துவிட்டேன். இருவரும் சிரித்தோம். ஆனால் அன்றிரவு படுக்கையில் அது என்னை விட்டு அகலவில்லை. நான் ஒன்றை நினைத்துக் காட்டியதை அவன் வேறொன்றாகப் படித்தது இதுதான் முதல் தடவையா? "கோயிலுக்குப் போனியா?" என்று நான் கேட்டதெல்லாம் அன்பினால்தான். அவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

நான்கு நாள் பயிற்சி முடியும்வரை அவன் என் கையில் கேமராவைத் தரவில்லை. "அசையாம நிக்கத் தெரியாதவங்க கையில கேமராவக் கொடுத்தா பவளத்த மிதிச்சுடுவாங்க" என்றான். பவளம் பாறையல்ல, ஆயிரமாயிரம் சிறு உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. பாறைபோல் தோன்றும் பவளத் திட்டு ஓர் ஆண்டில் வளர்வது சில மில்லிமீட்டரோ, ஓரிரு சென்டிமீட்டரோதான். ஒரு காலடி பட்டால் பல ஆண்டுகளின் வளர்ச்சி நொறுங்கிவிடும்.

ஐந்தாம் நாள், தண்ணீர் புகாத ஒரு சிறிய கேமராவை என் மணிக்கட்டில் கட்டிவிட்டான். அன்று நான் 83 படங்கள் எடுத்தேன். மாலையில் அவற்றைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது எனக்கே வெட்கமாயிருந்தது. சிலவற்றில் மீனின் வால் மட்டும். சிலவற்றில் என் காலில் கட்டியிருந்த துடுப்பு கிளப்பிய மணல். ஃபிளாஷ் போட்டு எடுத்தவற்றில் பனி கொட்டுவதுபோல வெள்ளைப் புள்ளிகள். மற்றவையெல்லாம் நீல மூட்டம். கண்ணால் பார்த்தபோது அத்தனை அழகாயிருந்தவை படத்தில் எங்கே போயின?

என் மகன் பொறுமையாக ஒவ்வொன்றாய் விளக்கினான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

தண்ணீர் வெளிச்சத்தை விழுங்குகிறது. அதிலும் சிவப்பை முதலில் விழுங்குகிறது. முதல் சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெரும்பாலும் மங்கிவிடும். பின்பு செம்மஞ்சள், அதன்பின் மஞ்சள். கடைசிவரை நிற்பது நீலம். ஆழம் மட்டுமல்ல, நமக்கும் நாம் பார்க்கும் உயிருக்கும் நடுவே இருக்கும் தண்ணீரும் அதையே செய்கிறது. "தூரத்துல இருக்கிறத ஜூம் பண்ணி எடுத்தீங்க இல்லையா? ஜூம் பண்ணினா மீன் பெருசாத் தெரியும். ஆனா நடுவுல இருக்கிற தண்ணி அப்படியேதான் இருக்கும். அந்தத் தண்ணிதான் படத்தக் கெடுக்குது. கிட்டப் போங்கப்பா. போதும்னு தோணும்போது இன்னுங் கொஞ்சம் கிட்டப் போங்க."

"கிட்டப் போய்த்தானே எடுத்தேன்" என்றேன். அவன் சிரித்தான். நீருக்குள் ஒளி வளைவதால், பொருள்கள் இருக்கிற தூரத்தைவிடக் கால்பங்கு அருகில் இருப்பதுபோலத் தோன்றுமாம். அருகில் வந்துவிட்டேன் என்று நான் எண்ணிய இடமெல்லாம் உண்மையில் தொலைவாகவே இருந்திருக்கிறது.

வெள்ளைப் புள்ளிகளுக்கும் காரணம் சொன்னான். கடல் நீரில் எப்போதும் நுண்ணிய துகள்கள் மிதந்துகொண்டிருக்கும். கேமராவின் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃபிளாஷ், பார்க்க வேண்டிய உயிரை விட்டுவிட்டு, வழியிலிருக்கும் தூசிகளையே பிரகாசிக்கச் செய்துவிடுகிறது. அனுபவமுள்ளவர்கள் விளக்கைக் கண்ணிலிருந்து விலக்கி, நீண்ட கைகளில் பொருத்திப் பக்கவாட்டில் வைப்பார்கள்.

இந்தக் கலையின் முன்னோடிகளைப் பற்றியும் சொன்னான். 1893-ல் பிரான்சு நாட்டின் பன்யூல்ஸ் கடற்கரையில் லூயி பூத்தான் என்ற உயிரியலாளர், தம் சகோதரர் வடிவமைத்துக் கொடுத்த பெட்டிக்குள் கேமராவை வைத்துக் கடலடியில் படமெடுத்தார். வெளிச்சம் போதாமையால், ஒரே படத்திற்கு அரைமணி நேரம்வரைகூட அசையாது காத்திருக்க வேண்டியிருந்தது. கடலுக்கடியில் முதன்முதலாக வண்ணப்படம் எடுத்தது 1926-ல், அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கடலில். வில்லியம் லாங்லி, சார்லஸ் மார்ட்டின் என்ற இருவர், மிதவையின்மேல் மெக்னீசியத் தூளைக் கொளுத்தி, அந்த ஆபத்தான பேரொளியில் ஒரு மீனை அதன் நிறத்தோடு படம்பிடித்தார்கள். "நிறம் அங்கதான் இருக்குப்பா. நாமதான் வெளிச்சத்தக் கொண்டு போகணும்" என்றான் என் மகன்.

ஆறாம் நாள் அதைக் கண்ணாரக் கண்டேன். 8 மீட்டர் ஆழத்தில், பாறையிடுக்கில் கறுத்துப்போய் அழுகியதுபோல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கடந்து போகப் பார்த்தேன். மகன் என் தோளைத் தட்டி நிறுத்தி, தன் கைவிளக்கை அதன் அருகில் பிடித்தான். அது இரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது. கடற்பஞ்சு. விளக்கை விலக்கினான், மறுபடி கறுப்பு. அருகில் கொண்டுவந்தான், சிவப்பு. மூன்று முறை அவ்வாறு செய்து காட்டினான். முகமூடிக்குள் என் கண்கள் நனைந்தன.

அதற்குச் சற்று அப்பால், உருண்டைப் பவளம் ஒன்றின்மேல் சின்னஞ்சிறு மரங்கள் முளைத்திருந்தன. கிறிஸ்துமஸ் மரப் புழு என்று அதற்குப் பெயர். பவளத்திற்குள் குழாய்போல வீடு அமைத்துக்கொண்டு, தன் உடலை அதற்குள் மறைத்து, சுருள்சுருளாக அடுக்கிய இரண்டு கிரீடங்களை மட்டும் வெளியே விரித்து வைத்திருக்கும். அந்தக் கிரீடத்தால்தான் அது சுவாசிக்கிறது. அதனால்தான் நீரில் மிதந்து வரும் உணவையும் வடிகட்டி எடுக்கிறது. கிறிஸ்துமஸ் மரம் என்றதும் ஒரு போதகரின் உற்சாகத்தைக் கேட்க வேண்டுமா? மேலிருந்து நேராக அதன்மேல் இறங்கினேன். என் நிழல் பட்டதுதான் தாமதம். கண்ணிமைக்கும் நேரத்தில் அது உள்ளே இழுத்துக்கொண்டது. பவளத்தில் ஒரு சிறு துளை மட்டுமே மிஞ்சியது. விலகிப் போய்க் காத்திருந்தேன். வந்தது. மறுபடி நெருங்கினேன். மறைந்தது. இப்படி நான்கு முறை.

ஐந்தாம் முறை என் மகன் என் முழங்கையைப் பிடித்தான். என்னைப் பக்கவாட்டில் அழைத்துச் சென்று, பவளத்திற்கு அருகிலிருந்த வெறும் மணல் திட்டின்மேல் தாழ இறக்கினான். புழு இருக்கும் மட்டத்திற்கு என் முகமும் வந்தது. இப்போது என் நிழல் அதன்மேல் விழவில்லை. "பொறுங்கள்" என்று கையால் காட்டினான். இருவரும் அசையாமல் கிடந்தோம். என் மூச்சின் ஓசை மட்டும் கேட்டது. ஒரு நிமிடத்திற்குமேல் ஆகியிருக்கும். துளையிலிருந்து முதலில் ஒரு நுனி எட்டிப் பார்த்தது. பின்பு மெல்ல மெல்ல முழுக் கிரீடமும் விரிந்தது. மகன் பக்கத்திலிருந்து விளக்கைக் காட்டினான். பழுப்பாய் இருந்தது செம்மஞ்சளாயிற்று. ஒரு கைச்சாண் தூரத்திலிருந்து படம் எடுத்தேன். நிபுணர்கள் பார்த்தால் குறை சொல்லுவார்கள். ஒரு கிரீடம் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கிறது. அந்தப் படந்தான் என் மேஜையின்மேல் இருக்கிறது.

ஏழாம் நாள் கடலுக்குள் போகவில்லை. பல நாள் தொடர்ந்து ஆழத்திற்குச் சென்றவர்கள், உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுவதற்காக, குறைந்தது 18 மணிநேரம் விமானம் ஏறாமல் காத்திருக்க வேண்டும். மறுநாள் எனக்கு விமானம். ஆகவே அந்த நாள் முழுவதும் நாங்கள் கரையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் அதற்குமுன் வாய்த்ததில்லை.

அவன் தன் கணினியைத் திறந்து ஒரு தொகுப்பைக் காட்டினான். ஒரே பவளத்தின் படங்கள். நான்கு ஆண்டுகளாக, ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் எடுத்தவை. 2010-லும் 2016-லும் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானபோது அந்தமான் பவளங்கள் திரளாக வெளுத்துப்போயின. பவளத்தின் திசுக்களுக்குள் குடியிருந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகள் வெளியேறிவிடுவதால், உள்ளிருக்கும் வெள்ளை எலும்புக்கூடு வெளியே தெரிகிறது. "வெளுத்ததெல்லாம் செத்தது இல்லப்பா. சூடு சீக்கிரம் தணிஞ்சா பாசி திரும்பி வரும், பவளம் பிழைச்சுக்கும். எது பிழைக்குது, எது பிழைக்கலன்னு யாராவது பாத்து எழுதி வைக்கணும் இல்லையா?" என்றான். பயிற்சி கொடுப்பது அவனுடைய பிழைப்பு. இதுவோ யாரும் சம்பளம் கொடுக்காமல் அவனே செய்வது. விளையாட்டு என்று நான் ஆறு ஆண்டுகளாக நினைத்திருந்தது இதைத்தான்.

"இதையெல்லாம் ஏன் என்கிட்ட சொல்லலை தம்பி?" என்று கேட்டேன்.

அவன் கடலைப் பார்த்துக்கொண்டே, "நீங்க ஒரு நாளும் கேட்டதில்லையேப்பா" என்றான்.

பிரியமானவர்களே, கெட்ட குமாரனைப் பற்றிய உவமையை நான் எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இந்த ஆறு ஆண்டுகளில் அதைப் பிரசங்கித்தபோதெல்லாம், உங்களுக்குத் தெரியாமல், என் மகனையே அந்தக் குமாரனின் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். அவன் எதையும் அழித்தவனல்ல; எவரையும் ஏமாற்றியவனல்ல. அந்த உவமையில் இன்னொருவரும் இருக்கிறார். தூரத்தில் வருகிறவனைக் கண்டதும், அவன் வாசலுக்கு வந்து சேரட்டும் என்று காத்திராமல் ஓடிச் சென்று தூரத்தைக் குறைத்த தகப்பன். அந்த இடத்தில் என்னை நிறுத்திப் பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. நான் வீட்டிலிருந்தபடியே ஜூம் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடையிலிருந்த தண்ணீரின் நிறத்தை அவனுடைய நிறம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று அந்தக் கரையில் என் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். பாவமன்னிப்பைக் குறித்து முப்பது ஆண்டுகள் போதித்தவன், தன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டது அதுவே முதல் முறை. அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சரிப்பா. நாளைக்குக் காலைல கப்பல் எத்தனை மணிக்கு?" என்றான். எழுந்து போய் இரண்டு தேநீர் வாங்கி வந்தான். எனக்குச் சர்க்கரையில்லாமல். அது அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவன் தாய் சொல்லியிருப்பாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அவன் ஊருக்குத் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கே இருக்கிறான் என்பதை ஆண்டவரிடம் ஒப்புவித்திருக்கிறேன். என் ஜெபம் நிற்கவில்லை. ஆனால் என் நிழல் அவன்மேல் விழாதபடி பார்த்துக்கொள்ளுகிறேன். இப்போது தொலைபேசியில் நான் கேட்கும் கேள்வி வேறு: "இன்னைக்கு என்ன பார்த்த தம்பி?" சில நாள் "ஒண்ணுமில்லப்பா" என்பான். சில நாள் அரைமணி நேரம் பேசுவான். சென்ற வாரம் அவனாகவே அழைத்து, "அந்தப் புழுவ மறுபடி பார்த்தேன்ப்பா, நல்லாயிருக்கு" என்றான்.

நம்முடைய சபையில் ஆராதனை முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து எழுந்து யாரோடும் பேசாமல் போய்விடுகிறவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நாம் தூரத்திலிருந்தே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம், நானும் வந்திருக்கிறேன். நம் வீடுகளில், ஒரே கூரையின்கீழ், நாம் அருகில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறவர்களும் உண்டு. இந்த வாரத்தில் அப்படி ஒருவரிடம் நீங்கள் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுகிறேன். மேலிருந்து இறங்காதிருங்கள், பக்கத்தில் போய், அவர் இருக்கும் மட்டத்தில் அமருங்கள். கையிலிருக்கும் விளக்கை அவர் முகத்திற்கு நேரே பிடிக்காதிருங்கள், தூசிதான் தெரியும். ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு பொறுத்திருங்கள். முதலில் அவர் உள்ளே இழுத்துக்கொண்டால் வருத்தப்படாதிருங்கள். இன்னும் சற்றுநேரம் அசையாமல் இருங்கள்.

ஐந்தாம் நாளில் ஜலத்திலுள்ள ஜீவன்களைப் படைத்து, அவற்றை நல்லதென்று கண்ட தேவன், யாரும் பார்க்க முடியாத ஆழத்திலும் அவற்றிற்கு நிறத்தைக் கொடுத்து வைத்தார். தூரத்திலிருந்து நம்மைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், நம் நடுவே இறங்கி வந்து நம்மோடு வாசம்பண்ணியவர், நமக்கும் அருகில் போகும் கிருபையையும் காத்திருக்கும் பொறுமையையும் தந்தருள்வாராக. ஆமென்.